கோத்தகிரிக்கு வந்த பிறகு ஒற்றைத் தலைவலி அதிகமானது ஏன்? மாதம் ஒருமுறை போடும் புது ஊசி எனக்கு ஆகுமா?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாக வைத்துவிட்டுத் தொடங்குகிறேன். வயது முப்பத்து நான்கு. பிறந்த ஊர் சமவெளி, கல்யாணத்துக்குப் பிறகு கோத்தகிரி. தேயிலை பேக்டரி அலுவலகத்தில் கணக்கு வேலை. கல்லூரிக் காலத்தில் மாதம் ஒருமுறை வந்த ஒற்றைத் தலைவலி இப்போது வாரத்தில் நான்கு ஐந்து நாள் வருகிறது. மாமியார் "தலையில நீர் கோத்திருக்கு" என்று ஆவி பிடிக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் சைனஸ் என்கிறார்கள். கணவர் பனியைக் குற்றம் சொல்கிறார். மெடிக்கலில் வாங்கும் மாத்திரை ஒன்றைப் போட்டால்தான் வேலைக்குக் கிளம்ப முடிகிறது. வெளிநாட்டில் வந்திருக்கும் மாத ஊசி தனக்கு உதவுமா என்று கேட்கிறார். எட்டு வயது மகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுவலிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது கடைசிக் கேள்வி.

இந்த மலையில் மருத்துவம் பார்ப்பவன் என்பதால் இதே கதையை வேறு வேறு வாய்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலிதான். மாதம் ஒருமுறை வந்ததை வாரத்துக்கு நான்கு நாளாக்கியதில் மலைக்கு உள்ள பங்கு சிறியது. உங்கள் கைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டைக்குத்தான் பெரிய பங்கு இருக்க வேண்டும். ஊசி நல்ல மருந்துதான். ஆனால் அதை யோசிப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நீர் கோத்த கதை. மைக்ரேனுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனிலும் தெரியாது. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உலகம் முழுக்கப் பின்பற்றும் வரையறை இதுதான்: மருந்து போடாவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும் வலி, ஒரு பக்கமாக வருவது, விண் விண் என்று தெறிப்பது, நடுத்தரத்துக்கு மேல் கடுமையாக இருப்பது, படி ஏறினாலோ குனிந்து நிமிர்ந்தாலோ கூடுவது என்ற நான்கில் இரண்டு, கூடவே குமட்டலோ வாந்தியோ, அல்லது வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து பொறுக்காமல் போவதோ. இப்படி ஐந்து முறையாவது வந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில், பேக்டரியில் இலை உலரும் வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் தேவலை என்கிற இரண்டு வரியே எனக்குப் பாதி பதிலைச் சொல்லிவிட்டது. சைனஸ் வலிக்காரர் இருட்டறையைத் தேடுவதில்லை.

மைக்ரேன் வரும்போது மூக்கு அடைக்கலாம், கண்ணில் நீர் வடியலாம், கன்ன எலும்பு கனக்கலாம். முகத்தின் உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு தூண்டப்படும்போது மூக்குக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகளும் சேர்ந்து கிளம்புவதால் வருவது அது. எல்லோரும் சைனஸ் என்று நினைப்பது இதனால்தான். 2004-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று நம்பிய அல்லது மருத்துவரே அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரை முறையாக விசாரித்தார்கள். அவர்களில் 88 சதவீதம் பேரின் வலி மைக்ரேன் வகையைச் சேர்ந்ததாக இருந்தது. உண்மையான சைனஸ் தொற்றில் சளி கெட்டியாக, மஞ்சளாக வரும், சில சமயம் காய்ச்சலும் இருக்கும், வாரத்துக்கு நான்கு முறை வந்து வந்து போகாது. மாமியார் சொல்கிறபடி ஆவி பிடிப்பதால் கெடுதல் இல்லை, அந்தச் சூடு இதமாகவும் இருக்கும். ஆனால் அதை நம்பி வருடங்களைக் கழிக்க வேண்டாம்.

மாமியார் சொல்வதில் ஒன்றை மட்டும் அப்படியே ஏற்கிறேன். "தலைக்குக் குளிச்சா வலி வருது" என்று நம் பெண்கள் சொல்வதை மேலைநாட்டுப் பாடப்புத்தகங்கள் கண்டுகொள்ளவே இல்லை. மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-ல் 94 நோயாளிகளின் விவரத்தோடு இதைத் தலைவலி மருத்துவர்களின் சர்வதேச இதழில் எழுதினார். தலைக்குக் குளிப்பது மைக்ரேனைக் கிளப்பும் என்பது அதற்குப் பிறகு எழுத்தில் ஏறியது. நீளமான கூந்தல் கோத்தகிரிக் குளிரில் மணிக்கணக்காக ஈரமாகவே இருக்கும். ஆகவே உச்சி வெயில் வேளையில் குளித்து, உடனே உலர்த்திக்கொள்ளுங்கள். விரத நாளில் வெறும் வயிற்றோடு தலைக்குக் குளிப்பதை விட்டுவிடலாம்.

இனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். கடந்த நாற்பது ஆண்டுகளில் மருத்துவத்தில் நடந்த அழகான தேடல்களில் இது ஒன்று என்பேன். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்கும் அதில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும்தான் தெரியும். அந்த உறைக்கு வரும் ட்ரைஜெமினல் நரம்பின் நுனியிலிருந்து கால்சிடோனின் ஜீன் ரிலேட்டட் பெப்டைடு என்ற சிறு புரதம் கசிகிறது. மருத்துவர்கள் சுருக்கமாகச் சிஜிஆர்பி என்பார்கள். அது 1980-களின் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1990-ல் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் மைக்ரேன் வலியில் இருப்பவர்களின் கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அதில் சிஜிஆர்பி கூடியிருந்தது. கூடியிருந்தால் போதுமா, அதுதான் வலியைக் கொண்டுவருகிறது என்று எப்படிச் சொல்வது? டென்மார்க்கில் யெஸ் ஓலசன் குழு 2002-ல் அதற்கும் விடை கண்டது. மைக்ரேன் உள்ளவர்களின் நாளத்தில் சிஜிஆர்பியைச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் பலருக்கு அவர்களுடைய வழக்கமான வலியே வந்தது. தாங்களே முன்வந்து அந்த வலியை வரவழைத்துக்கொண்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நன்றி பொங்குகிறது. கோட்ஸ்பி, எட்வின்சன், ஓலசன், அமெரிக்காவின் மைக்கேல் மாஸ்கோவிட்ஸ் ஆகிய நால்வருக்கும் 2021-ல் மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் பிரைஸ் கிடைத்தது.

அங்கிருந்து பிறந்தவைதான் நீங்கள் கேள்விப்பட்ட ஊசிகள். சிஜிஆர்பியையோ அது போய் ஒட்டும் இடத்தையோ மறிக்கும் எதிர்ப்பொருள்கள் அவை. எரனுமாப் 2018 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிரெமனசுமாப், கல்கனசுமாப் இரண்டும் அதே ஆண்டு வந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாளத்தில் ஏற்றும் எப்டினசுமாப் 2020-ல் வந்தது. அதே வேலையைச் செய்யும் மாத்திரைகளும் உண்டு: உப்ரோஜெபண்ட், ரிமெஜெபண்ட், அடோஜெபண்ட். இந்தியாவிலும் இவற்றில் சில கிடைக்கத் தொடங்கிவிட்டன.

பலன் எவ்வளவு என்று நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டவுடன் முழுக்கக் குணமாகிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். எரனுமாப் பற்றிய 2017-ம் ஆண்டின் பெரிய சோதனையில், மாதம் எட்டு நாள் அளவில் மைக்ரேன் இருந்தவர்களுக்கு 140 மில்லிகிராம் ஊசியில் சராசரியாக 3.7 நாட்கள் குறைந்தன. மருந்தில்லாத போலி ஊசியிலும் 1.8 நாட்கள் குறைந்தன. வலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் ஊசி போட்டவர்களில் சரிபாதி, போலி ஊசியில் கால்வாசிக்குச் சற்று மேல். ஒரு சிலருக்கு வாழ்க்கையே மாறிவிடுகிறது, சிலருக்கு அசைவே இல்லை. பக்கவிளைவு, வலி வராமலிருக்கத் தினமும் சாப்பிடும் மற்றத் தடுப்பு மருந்துகளைவிடக் குறைவு. மலச்சிக்கல் வரும், சிலருக்கு ரத்த அழுத்தம் கூடும். ஊசி மருந்து உடலில் மாதக்கணக்கில் தங்குவதால், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் பல மாதம் முன்பே நிறுத்த வேண்டும். செலவு மாதம் பல ஆயிரம் ரூபாய்.

சிஜிஆர்பி மட்டும்தான் குற்றவாளி என்றால் ஊசி எல்லோருக்கும் கேட்டிருக்க வேண்டும். பேக்காப் என்ற இன்னொரு பெப்டைடை மறிக்கும் எதிர்ப்பொருளைச் சோதித்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள். நான்கு வாரத்தில் 6.2 மைக்ரேன் நாட்கள் குறைந்தன, போலி மருந்தில் 4.2. பழைய தடுப்பு மருந்துகள் பலவும் கைவிட்டவர்கள் அந்தச் சோதனையில் இருந்தார்கள் என்பதால் இந்த வித்தியாசத்தைச் சிறியது என்று தள்ள மாட்டேன். இன்னும் பெரிய சோதனைகளைத் தாண்டினால்தான் அது கடைக்கு வரும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆராய்ச்சி வேறொன்று. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு பெண் முப்பது நாள் தொடர்ந்து தினமும் ஸ்கேன் இயந்திரத்தில் படுத்தார். அந்த மாதத்தில் அவருக்கு வந்த மைக்ரேன்கள் ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாளே மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதி வழக்கத்துக்கு மாறாக இயங்கியது தெரிந்தது. 2016-ல் இது வெளியானது. பசி, தாகம், தூக்கம், மாதவிடாய்ச் சுழற்சி எல்லாம் அந்தப் பகுதியின் கட்டுப்பாட்டில்தான் நடக்கின்றன. வலி வருவதற்கு முந்தைய நாள் காரணமில்லாமல் கொட்டாவி வருவது, பிடரி இறுகுவது, இனிப்பு தின்ன ஆசை வருவது, எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போவது எல்லாம் மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டதன் அறிகுறி. சாக்லேட் தின்றதால் வலி வந்தது என்று பலர் நம்புகிறார்கள். மைக்ரேன் தொடங்கியதால்தான் சாக்லேட் ஆசையே வந்திருக்கலாம். இந்த முன்னறிகுறி நேரத்திலேயே உப்ரோஜெபண்ட் கொடுத்துப் பார்த்த 2023-ம் ஆண்டு சோதனையில், அடுத்த 24 மணி நேரத்தில் நடுத்தர அல்லது கடுமையான வலி வராமல் தப்பியவர்கள் 46 சதவீதம், போலி மாத்திரையில் 29 சதவீதம். நீங்கள் அந்த மாத்திரையை வாங்க வேண்டியதில்லை. உங்கள் முந்தைய நாள் எப்படி இருக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினாலே, அன்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாமல், தூக்கத்தைக் கெடுக்காமல், கணக்கு முடிக்கும் வேலையை அடுத்த நாளுக்குச் சேர்க்காமல் பார்த்துக்கொள்ள முடியும்.

மலைக்கு வருவோம். கணவர் சொன்னது முழுத் தவறில்லை. நேபாளத்தில் வீடு வீடாகப் போய் நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. தாழ்வான பகுதிகளில் 27.9 சதவீதமாக இருந்த மைக்ரேன், உயரம் கூடக் கூட அதிகரித்து, 2,000 முதல் 2,499 மீட்டர் வரையுள்ள ஊர்களில் 45.5 சதவீதம் ஆனது. அதற்கும் மேலே போனால் சற்றுக் குறைந்தது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100-ஐ ஒட்டி, உங்கள் கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. உயரத்தால் வரும் தலைவலி என்று தனியாக ஒரு வகை உண்டு. அது 2,500 மீட்டருக்கு மேல் ஏறினால் வருவது. தொட்டபெட்டா போன்ற சில உச்சிகள்தான் நம் பக்கத்தில் அந்தக் கணக்கில் சேரும். அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு இறங்குபவருக்கு அதுவும் பொருட்டில்லை. அதனால் உயரம் கொஞ்சம் சேர்த்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கர்நாடகத்தில் பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடத்திய ஆய்விலேயே நான்கு பேரில் ஒருவருக்கு ஓராண்டில் மைக்ரேன் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். மலையை விட்டு இறங்கினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டை மாற்றிவிடாதீர்கள்.

பனி, மழை, காற்றழுத்தம் பற்றி ஆய்வுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. பாஸ்டனில் அவசரப் பிரிவுக்குத் தலைவலியோடு வந்த 7,054 பேரை வைத்துப் பார்த்த 2009-ம் ஆண்டு ஆய்வில் வெப்பம் கூடிய மறுநாள் வலி கூடியது, குளிரில் இல்லை. காற்றழுத்தம் குறைந்த இரண்டு மூன்று நாள் கழித்து ஓரளவு கூடியது. நம் மலையில் பனி விலகியதும் சுள்ளென்று அடிக்கும் வெயிலும், இலையிலும் ஈரத்திலும் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சமும்தான் நோயாளிகள் என்னிடம் அதிகம் சொல்லும் குறை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஆடம்பரமே இல்லை. வளைவுகள் இன்னொரு பாடு. மைக்ரேன் உள்ளவர்களுக்குப் பயண வாந்தி சகஜம், தலைசுற்றலாகவே வரும் மைக்ரேன் வகையும் உண்டு. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து, தூரத்துச் சாலையைப் பார்த்தபடி, செல்போனைத் தொடாமல் இறங்கினாலே பாதி குறையும்.

தேயிலை பேக்டரியில் வேலை என்பதால் கேட்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ்? தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் காபீன் இரண்டு வாரம் சேர்ந்தாலே, நிறுத்திய 24 மணி நேரத்துக்குள் தலைவலி வரும். பேக்டரியில் ஆறு கிளாஸ் குடித்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒன்றோடு நிற்பவர்களுக்கு ஞாயிறு வலி வருவதன் காரணம் அதுதான். தேநீரை விடச் சொல்லவில்லை, எல்லா நாளும் ஒரே அளவாக, குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் மாத்திரையிலும் காபீன் சேர்ந்திருக்கக்கூடும், அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

நீலகிரித் தைலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் ஊர்ச் சரக்கு என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. ஜெர்மனியில் 1990-களில் நடந்த ஆய்வுகளில் புதினா எண்ணெய் இறுக்கத் தலைவலியைப் பாரசிட்டமால் அளவுக்குக் குறைத்தது. நீலகிரித் தைலமான யூகலிப்டஸ் எண்ணெய் சேர்ந்த கலவை தசையைத் தளர்த்தியதே தவிர வலியில் பெரிய மாற்றம் செய்யவில்லை. யூகலிப்டஸும் கற்பூரமும் கலந்த தைலங்களை ஓயாமல் தடவியும் முகர்ந்தும் வந்தவர்களுக்கு வலிப்பு வந்ததைத் தென்னிந்திய மருத்துவமனைகள் சேர்ந்து ஆய்வு செய்து 2021-ல் வெளியிட்டன. தைலமே தலைவலியை நீட்டித்த நோயாளியின் கதையையும் பெங்களூரு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எப்போதாவது தடவுவதைப் பற்றிக் கவலை இல்லை. தலையணையில் சொட்டி வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் வீட்டில் படித்துக் காட்ட முடியும் என்றால் இதைப் படித்துக் காட்டுங்கள். மார்கழி, தையில் உறைபனி விழும்போது கரி அடுப்பை அறைக்குள் இழுத்துவைத்துக் கதவைச் சாத்திப் படுக்கும் வழக்கம் நீலகிரியிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு. கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் வாசனையும் கிடையாது. ரத்தச் சிவப்பணுவில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் வருவது தலைவலி, குமட்டல், அசதி. அச்சு அசல் மைக்ரேன் போலவே இருக்கும். வித்தியாசம் ஒன்றுதான்: வீட்டில் ஒருவருக்கு மட்டும் வராது, எல்லோருக்கும் சேர்ந்து வரும், வெளியே காற்றாட நின்றால் குறையும், திரும்ப உள்ளே போனால் வரும். குளிருக்குக் கரி மூட்டிப் படுத்துக் காலையில் எழாமல் போனவர்களின் செய்தி நம் மலைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருந்தாலும் இதே ஆபத்துதான். குளிர்காலக் காலைகளில் உங்களுக்கும் மகளுக்கும் சேர்ந்து தலை வலித்தால் மாத்திரையைத் தேடாதீர்கள். கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், பிறகு 108-ஐ அழையுங்கள்.

இப்போது அந்த மாத்திரை அட்டை. மைக்ரேன் உள்ளவர் வலி மாத்திரையை அடிக்கடி போட்டால், அந்த மாத்திரையே மூளையின் வலிப் பாதையைக் கூர்மையாக்கி வலியைத் தினப்படி ஆக்கிவிடும். கணக்கு தெளிவானது. பாரசிட்டமால், இபுபுரூபன் போன்ற தனி மருந்து என்றால் மாதம் 15 நாள். பல மருந்து கலந்த மாத்திரை, மைக்ரேன் வலிக்கென்றே உள்ள ட்ரிப்டான், எர்கோட்டமின் போன்ற எர்காட் வகை, ட்ராமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வகை என்றால் மாதம் 10 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்த அளவைத் தாண்டினால், மாதத்தில் பாதி நாள் தலைவலி இருந்தால், அது மருந்து மிகைத் தலைவலி. உங்கள் வாரம் நான்கு ஐந்து நாள் என்பது மாதம் இருபதை ஒட்டி வருகிறது. அப்படிப்பட்ட மூளை பொங்குவதற்குத் தயாராக இருக்கும் பால் மாதிரி, ஒரு தேநீர் தவறினாலும் ஒரு பஸ் பயணமானாலும் வழிந்துவிடும். பனியைக் குற்றம் சொல்லத் தோன்றுவது அதனால்தான்.

நம் கடைகளில் மைக்ரேனுக்கு என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் எர்கோட்டமின், காபீன், பாரசிட்டமால், வாந்தி மருந்து நான்கும் கலந்தது. எர்கோட்டமின் ரத்தக் குழாயைச் சுருக்கும். இந்தக் குளிரில் விரல் நுனி மரத்து நீலம் பாய்கிறது என்றால் அதைப் பனியின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாத்திரைகளோடு எர்கோட்டமின் சேர்ந்தால் கை கால் ரத்த ஓட்டமே நின்றுபோகும் அபாயம் உண்டு. கர்ப்பத்தில் கூடவே கூடாது. மருத்துவர் சீட்டில்லாமல் இதைக் கொடுக்கிற வழக்கம் நிற்க வேண்டும் என்று எனக்கு உள்ளபடியே ஆத்திரம் உண்டு. காலை ஆறரைக்கு எஸ்டேட் லைனிலிருந்து கிளம்பும் பெண் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டி, முந்தானை முடிச்சில் இரண்டு மாத்திரையோடு கொழுந்து எடுக்கப் போகிறார். பத்து மணிக்கு வரப்போரம் வாந்தி எடுத்துவிட்டு மறுபடி வரிசையில் சேர்கிறார். மேஸ்திரியிடம் சொன்னால் சாக்கு என்று ஆகிவிடும். 15 முதல் 49 வயதுப் பெண்களில், நோயோடு முடங்கி வாழும் ஆண்டுகளைக் கணக்கிட்டால் உலக அளவில் முதலிடத்தில் இருப்பது மைக்ரேன். சாக்குக்கு அந்த இடம் கிடைக்காது.

மாத்திரையை நிறுத்துவது எப்படி? டென்மார்க்கில் 120 நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த 2020-ம் ஆண்டு ஆய்வில், வலி மாத்திரையை நிறுத்திய அன்றே தடுப்பு மருந்தையும் தொடங்கியவர்கள்தான் அதிகம் தேறினார்கள். அமெரிக்காவில் 720 பேரைச் சேர்த்த 2022-ம் ஆண்டு ஆய்வில், தடுப்பு மருந்து சரியாகக் கொடுத்தால் வலி மாத்திரையை ஒரேயடியாக மாற்றாதவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். இரண்டையும் சேர்த்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், தடுப்பு மருந்து இல்லாமல் வெறுமனே "மாத்திரையை விடு" என்று சொல்லி அனுப்பக் கூடாது என்பது. நிறுத்திய முதல் வாரம், பத்து நாள் வலி கூடும். பேக்டரியில் வேலை குறைவான நாட்களைப் பார்த்துத் தொடங்குங்கள், மாமியாரிடமும் கணவரிடமும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். நீங்கள் போடுவதில் ட்ராமடால், கோடீன் போன்றவை இருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தடுப்பு மருந்துகள் பழையவை, மலிவானவை, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பேசி முடிவு செய்யக்கூடியவை. ப்ராப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் இரவில் சின்ன அளவில் தொடங்குவது, தூக்கம் கெட்டவருக்கு நல்லது, வாய் வறளும். புளூனரிசின் எடையைக் கூட்டும், மனச்சோர்வு இருந்தால் வேண்டாம். ரத்த அழுத்த மருந்தான கேண்டசார்டன் 16 மில்லிகிராமுக்கு நார்வே, எஸ்தோனியா ஆய்வு 2025-ல் நல்ல சான்று தந்திருக்கிறது. டோபிரமேட், வால்ப்ரோயேட் இரண்டும் கருவைப் பாதிக்கும் என்பதால் உங்கள் வயதில் அவற்றை எழுதும்போது மருத்துவர் கர்ப்பத் திட்டத்தைக் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கேண்டசார்டனுக்கும் அதே எச்சரிக்கை. எதுவானாலும் எட்டு வாரமாவது சாப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில் "கேக்கல" என்று விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்ப்பது. வாரம் மூன்று முறை நாற்பது நிமிட உடற்பயிற்சி டோபிரமேட் அளவுக்கே உதவியதை 2011-ல் ஸ்வீடனில் காட்டினார்கள். கோத்தகிரி ஏற்றத்தில் நடக்க உங்களுக்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை.

இப்படி இரண்டு தடுப்பு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் சாப்பிட்டும் குறையவில்லை என்றால், கோயம்புத்தூருக்கு இறங்கி நரம்பியல் மருத்துவரிடம் ஊசி பற்றிப் பேசுங்கள். அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024-ல் இந்த மருந்துகளை முதல் வரிசையிலேயே கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. கையிலிருந்து பணம் கட்டும் குடும்பத்துக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வசதி இருந்தால் தாமதிக்கவும் வேண்டாம். வலி வரும் நாளுக்கு, வாரம் இரண்டு நாளைத் தாண்டாமல், வலி தொடங்கிய முதல் மணி நேரத்துக்குள் நாப்ராக்சன் அல்லது ஒரு ட்ரிப்டான் போதும். இதய நோய், பக்கவாதம், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் ட்ரிப்டான் கூடாது, எர்காட் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும் கூடாது. வலிக்கு முன்பு கண்ணில் மின்னல் கோடு, வளைவு ஒளி தெரிகிறவராக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம், பக்கவாத ஆபத்து கூடும்.

இடி விழுந்த மாதிரி நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பிறகு கூடும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, இவற்றில் எது வந்தாலும் இந்தப் பதிலை ஒதுக்கிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு பக்கக் கண்ணைச் சுற்றித் துளைக்கும், கண் சிவந்து நீர் கொட்டும், கால் மணி முதல் மூன்று மணி நேரத்தில் அடங்கும், படுக்க முடியாமல் நடக்கவைக்கும் வலி கிளஸ்டர் தலைவலி. அது வேறு நோய், அதற்கு முகமூடி வழியாக அதிக அளவு ஆக்ஸிஜன்தான் முதல் மருந்து.

மகளின் வயிற்றுவலி. தொடர்பு இருக்கலாம். மைக்ரேனோடு தொடர்புள்ள 123 மரபணு இடங்களை 2022-ல் பட்டியலிட்டிருக்கிறார்கள், இது குடும்பத்தில் ஓடும் நோய். குழந்தைகளுக்குத் தலைவலிக்கு முன்பு வயிற்று மைக்ரேனாகவே தொடங்குவது உண்டு: தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, முகம் வெளுப்பது, சாப்பாடு பிடிக்காமல் போவது, சில மணி நேரத்தில் தானே சரியாகி நடுவில் முழு ஆரோக்கியமாக இருப்பது. எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் இருந்தாலோ, வலியில் இரவு விழித்தாலோ அது வேறு, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு அமிட்ரிப்டிலின், டோபிரமேட் கொடுத்துப் பார்த்த 2017-ம் ஆண்டின் பெரிய அமெரிக்கச் சோதனையில் இரண்டுமே போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. அதனால் அவளுக்குத் தினசரி மருந்தை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். காலையில் இட்லி ஒன்றாவது சாப்பிடாமல் ஸ்கூல் வேனில் ஏற்றாதீர்கள், இரவு ஒரே நேரத்தில் தூங்கவையுங்கள். தலைவலியாக வந்தால் எடைக்கேற்ற இபுபுரூபன் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, ஆஸ்பிரின் தவிர்த்து, வலி தொடங்கியதுமே கொடுக்கும்படி வகுப்பு ஆசிரியையிடம் ஒரு சீட்டும் கொடுத்துவையுங்கள்.